மாறாத காற்று

மன்னாருக்குத் திரும்பி வந்த புதிதில் என்னால் ஓரிடத்தில் அமைதியாக உட்கார முடியாது. விடத்தல்தீவில் அண்ணன் வீட்டில் இருந்தேன். விடிந்ததும் ஒழுங்கையில் இறங்கி நடப்பேன், திரும்பி வருவேன், மறுபடியும் நடப்பேன். இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவள் நான். பொழுது சாய்ந்தால் உள்ளே போய்விட வேண்டும், பெயர் கூப்பிடும்போது அங்கே இருக்க வேண்டும் என்ற பதைப்பு உடம்பில் ஊறியிருந்தது. இங்கே யாரும் பெயர் கூப்பிடவில்லை. பதைப்பு மட்டும் போகவில்லை.

அம்மா இன்னும் முகாமிலேயே இருந்தார். "நீங்கள் முதல்ல போய்ப் பாருங்கோ" என்று எங்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, ஞாயிறு தோறும் தொலைபேசியில் "ஊர் எப்பிடி, இருக்கலாமோ?" என்று கேட்பார். அண்ணன் எனக்கு முன்பே வந்து, இங்கேயே கல்யாணம் முடித்து, கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தார். அவர் வாயில் ஊர்ப்பேச்சு அப்படியே இருந்தது. நான் "ஆமா" என்றால் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "தங்கச்சி இந்தியாவோ?" என்பார். பிறகு "ஓம்" சொல்லப் பழகினேன். அவசரத்தில் இரண்டும் சேர்ந்து வரும்.

இராமநாதபுரத்துக் கல்லூரியில் கணினி படித்திருந்தேன். மன்னார் பட்டினத்தில் மீனவர்களுக்கென்று ஒரு உதவித் திட்டம் தொடங்கியபோது அந்தப் படிப்பைப் பார்த்து என்னை எடுத்தார்கள். மறுநாள் காற்று எப்படியிருக்கும் என்று ஒவ்வொரு பிற்பகலும் படகுக்காரரின் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். அதைச் செய்யும் நிரலை எழுதுவதும் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

காற்றின் கணிப்பு வெளிநாட்டு நிலையம் ஒன்றிடம் இருந்தது. அதை இணையத்தில் யாரும் கேட்டு வாங்கலாம். ஆனால் ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் கேட்கும் முறையில் கேட்க வேண்டும். அந்த வழியை ஏபிஐ என்பார்கள். எந்த முகவரியில் கேட்பது, எங்கள் கடல் எங்கே இருக்கிறது என்பதை எப்படி எழுதுவது, அனுமதிச் சாவியை எங்கே வைப்பது, வரும் பதிலை எப்படிப் பிரிப்பது என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. இந்தத் தொல்லை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு நிரல் தொகுப்பை எங்கோ ஒருவர் எழுதி, இலவசமாகக் கொடுத்திருந்தார். அதற்குப் பெயர் லைப்ரரி. அதை என் நிரலோடு சேர்த்துவிட்டு, இடத்தைச் சொல்லி நாளைய காற்றைக் கேட்டால் போதும். சில வரிகளில் வேலை முடிந்தது.

"நெடுகலும் லைப்ரரி, லைப்ரரி எண்டுறாய். அங்க ஒரு கதைப்புத்தகமும் இல்லையோ?" என்று மச்சாள் கேட்டாள். அண்ணனின் மனைவி. என்னைவிடச் சிறியவள் என்பதால் எங்களுக்குள் மரியாதைப் பேச்சுக் கிடையாது.

முதலில் செய்தியை யாரும் பொருட்படுத்தவில்லை. 'தென்மேற்குக் காற்று' என்று போனதை எடுத்துவிட்டு 'சோளகம்' என்று ஊர்ச்சொல்லைப் போட்ட பிறகுதான் வாசிக்கத் தொடங்கினார்கள். சில வாரங்களில், செய்தி கொஞ்சம் பிந்தினால் திட்ட அலுவலகத்துக்கு, ஊரார் சொல்லும் கந்தோருக்கு, தொலைபேசி வந்தது. "இண்டைக்குக் காத்து இன்னும் வரேல்லையே, பிள்ளை?" திட்ட அலுவலருக்கு அது பெருமை. எனக்கோ அன்றிலிருந்துதான் நித்திரை குறைந்தது. நான் கண்ணால் காணாத ஒன்றை, என்னை ஒருபோதும் காணாத ஒருவர் எழுதிய நிரலால் வாங்கி, கடலுக்குப் போகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சோளகம் எழும்பும் காலம் வந்தது. ஒரு பிற்பகல் கந்தோரின் கூரைத் தகரம் ஓயாமல் அடித்தது. வெளியே தெருப்புழுதி சுழன்றது. என் திரையில், நாளைய காற்று மெதுவாக என்று இருந்தது. கணிப்புத்தானே, பிழைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. முந்தைய நாளின் பதிலைத் திறந்தேன். வேகம் மணிக்குப் பதினொன்று தசம் நான்கு கிலோமீட்டர். அதற்கு முந்தைய நாளும் பதினொன்று தசம் நான்கு. இன்றும் அதே தசம் நான்கு. காற்று ஒரே மாதிரி அடிக்கலாம். புள்ளிக்குப் பின்னுள்ள தசம்கூட மாறாமல் அடிக்குமா?

கொழும்பிலிருந்த திட்ட அலுவலரை அழைத்தேன்.

"எரர் ஏதும் காட்டுதோ?" என்றார்.

"இல்லை சேர். பதில் வருது. அதுதான் எனக்கு…"

"பதில் வருதெண்டால் லைப்ரரி வேலை செய்யுது எண்டுதானே அர்த்தம்? நீங்கள் எல்லாத்துக்கும் பயப்பிடுறியள். விடுங்கோ."

நிரல் தானாகவே செய்தியை அனுப்பும் நேரம் வந்தது. அனுப்பியது. கூரைத் தகரம் அடங்கிவிட்டது. அன்று மாலை காற்றும் உண்மையாகவே ஓய்ந்திருந்தது. வீட்டில் அண்ணன் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவரிடம் என்ன சொல்வது? தசத்தைப் பற்றிச் சொல்வதா? "நாளைக்குப் போறீங்களோ?" என்று மட்டும் கேட்டேன். "ஏன், போகாமல்?" என்றார்.

காலையில் நான் எழுந்தபோது அவர் போய்விட்டார். முதல் பஸ்ஸில் ஏறினேன். திருக்கேதீஸ்வரச் சந்தி தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறியதும் பஸ் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டது. இரு பக்கமும் தண்ணீர் வெளுத்து நுரைத்துக் கிடந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஜன்னலை இழுத்து மூடினாள்.

கந்தோருக்குள் கதிரையில்கூட உட்காரவில்லை. லைப்ரரியை ஒதுக்கிவிட்டு, கேள்வியை நானே கையால் முழுதாக எழுதி, நேரடியாக அந்த நிலையத்திடம் கேட்டேன். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: இந்த வழி மூடப்பட்டுவிட்டது, புதிய முகவரிக்கு வரவும். வழி மூடியே சில நாட்களாகியிருந்தன. லைப்ரரிக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். அது என்னிடம் சொல்லவில்லை. தன்னிடம் கடைசியாக இருந்த பழைய காற்றையே, புதியது போல, நாள்தோறும் எடுத்துத் தந்திருந்தது.

புதிய முகவரியில் பதிந்து, புதிய சாவி வாங்கி, மறுபடியும் கேட்டேன். பதில் வந்தது. காற்று மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டும். மத்தியானத்துக்குப் பிறகு இன்னும் கூடும்.

எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன்: 'நேற்று வந்த செய்தி பிழை. சோளகம் கடுமை. கரைக்குத் திரும்புங்கள்.' அண்ணனின் எண்ணை அழுத்தினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது அந்தக் குரல். முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில். மூன்றையும் கேட்டுவிட்டு மறுபடியும் அழுத்தினேன்.

பிற்பகல் விடத்தல்தீவுக் கரையில் மச்சாளோடு நின்றேன். மணல் முகத்தில் அடித்தது. படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. செய்தி கண்டு திரும்பினோம் என்றார்கள் சிலர். கடலைக் கண்டு திரும்பினோம் என்றார்கள் சிலர். அண்ணனும் அவரோடு ஒரே படகில் தொழில் செய்யும் கூட்டாளியும் வரவில்லை. மச்சாள் செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். செபம் சொன்னதாகத் தெரியவில்லை. நான் நேவிக் காவலறைக்கும் தண்ணீருக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன். காவலில் நின்ற சிங்களச் சிப்பாய்க்கு என்னைப் பார்த்தே களைத்திருக்கும். "நங்கி, இருங்க," என்றான், தன் மொழியில் தங்கச்சி என்று. நான் இருக்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது அவனுடைய கம்பியில்லாக் கருவி கரகரத்தது. கேட்டுவிட்டு எங்களை நோக்கி இரண்டு விரல்களைக் காட்டினான். "தேவன்பிட்டி. போட் அங்க. ரெண்டு ஆள். ஹொந்தாய், ஹொந்தாய்." மச்சாள் அப்படியே மணலில் உட்கார்ந்தாள். நல்லாயிருக்கிறார்கள் என்கிறான் என்று அவளுக்குச் சொன்னேன். உண்மையோ என்று அவள் கேட்டதற்கு என் வாயில் 'ஆமா' என்று வந்ததா 'ஓம்' என்று வந்ததா, தெரியாது.

எஞ்சின் நின்று, காற்று வடக்கே தேவன்பிட்டிக்குத் தள்ளிக்கொண்டுபோய் அவர்களைக் கரையேற்றியிருந்தது. யாரோ உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். வலை போய்விட்டது. கூட்டாளியின் இரு உள்ளங்கைகளும் கயிறு அறுத்துக் கிழிந்திருந்தன. மச்சாள் சுடுதண்ணீர் வைத்தாள்.

நான் அண்ணனின் முன்னால் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீ அனுப்பினதைப் பாத்து நான் போகேல்லை. போனை எடுத்தே பாக்கேல்லை. மீன் படுகுதெண்டு போனனான், அவ்வளவுதான்," என்றார்.

கூட்டாளி கைகளைத் தண்ணீரில் வைத்தபடி இருந்தார். "ஏன் பொய் சொல்லுறாய்?" என்றார் மெதுவாக. "பாத்தனாங்கள், தங்கச்சி. இவன் யோசிச்சவன். நான்தான் வாசிச்சுக் காட்டினனான். மெதுவா எண்டு கிடக்கு, போவம் எண்டு."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாள் லைப்ரரியை முதல்முறையாக உள்ளே திறந்து வாசித்தேன். அதுவரை அதை வெளியிலிருந்துதான் பயன்படுத்தியிருந்தேன். தேடியது நடுவில் இருந்தது. பதில் கிடைக்காவிட்டால், கடைசியாகக் கிடைத்த பதிலைத் திருப்பிக் கொடு. அருகே அதை எழுதியவர் ஒரு குறிப்பும் வைத்திருந்தார்: இணைப்புச் சரியில்லாத இடத்தில் இருப்பவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதற்காக. படித்துவிட்டு அவர்மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. நல்ல மனதோடுதான் எழுதியிருந்தார்.

அந்த இடத்தைத் திருத்தி, பழைய பதிலுக்குப் பதிலாகப் பிழையைச் சொல்லும்படி மாற்றி, அவருக்கு அனுப்பினேன். ஏன் மாற்றினேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். சில நாட்களில் பதில் வந்தது. தான் தினமும் ரயிலில் வேலைக்குப் போவதாகவும், வழியில் ஒரு சுரங்கத்தில் இணைப்பு அறுந்துபோவதாகவும், அதை நினைத்துத்தான் அந்த வரிகளை எழுதியதாகவும் சொல்லியிருந்தார். படகு தன் நினைவிலேயே இருந்ததில்லை என்றார். அடுத்த பதிப்பில் என் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார். உங்கள் அண்ணன் நலமா என்றும் கேட்டிருந்தார். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் உடனே பதில் எழுதினேன்.

எங்கள் செய்தியிலும் ஒரு மாற்றம் செய்தேன். பதில் கிடைக்காத நாளில், 'நாளைய காற்றுப் பற்றி இன்று தகவல் கிடைக்கவில்லை' என்று போகும். திட்ட அலுவலருக்கு அது பிடிக்கவில்லை. "தெரியாது எண்டு சொல்லவோ திட்டம் நடத்துறம்?" என்றார். "ஓம் சேர்," என்றேன். அவர் சரி என்று தொலைபேசியை வைத்தார்.

அந்தச் செய்தி முதன்முதலாகப் போன மாலை, கந்தோரில் தொலைபேசி ஓயவில்லை. "கிடைக்கேல்லை எண்டு சொல்ல ஒரு மெசேஜோ, பிள்ளை?" என்று சிரித்தார்கள், ஏசினார்கள். மறுநாள் அண்ணன் கடலுக்குப் போகவில்லை. விடிந்து பார்த்தால் ஓர் இலை அசையவில்லை. கடல் குளம்போலக் கிடந்தது. போனவர்கள் கூடை நிறைய மீனோடு வந்தார்கள். அண்ணன் வேலியோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே வந்து, என்னைத் தாண்டிப் போய், மச்சாளிடம் தேநீர் கேட்டார். நான் வேலைக்குக் கிளம்பும்போது மட்டும், "நேரத்தோட போ. இண்டைக்காவது காத்துக் கிடைக்குதோ பார்," என்றார்.