சாலமோனுக்கு உபவாசம்

சிட்லபாக்கம் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் வேதசிரோமணி, அரசு மாணவர் விடுதியில் முப்பத்தோராண்டு காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் விடுதியில் ஒரு பையனும் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை என்பது அவருடைய வாழ்நாள் பெருமை. அந்தச் சாப்பாடு எப்படி இருந்தது என்று அந்தப் பையன்களிடம் இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

மகள் ஹெப்சி ஆறு வாரப் பயிற்சிக்காகப் பெங்களூரு கிளம்பியபோது, தன் கண்ணாடித் தொட்டியையும் அதில் வாழ்ந்த இரண்டு நீர்த்தவளைகளையும் தாய் ஞானஜோதியிடம் ஒப்படைத்தாள். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத, தண்ணீருக்குள்ளேயே வாழும் சிற்றினம். ஆண் சாலமோன், பெண் ஷீபா. உயிருக்கு உயிராக வளர்த்தவள் அவள். அப்பா கையில் மட்டும் விட்டுவிடாதே என்று அவள் சமையலறையில் தாழ்ந்த குரலில் சொன்னது, கூடத்தில் இருந்தவருக்குத் தெளிவாகக் கேட்டது. அன்று மாலையே பொறுப்பு முழுவதையும் அவர் எடுத்துக்கொண்டார். திரும்பி வரும் மகளிடம் இரண்டையும் பழுதின்றி ஒப்படைத்துக் காட்டுவது என்று முடிவு செய்தார்.

ஹெப்சி விட்டுச்சென்ற குறிப்பில், இரண்டு நாளைக்கு ஒருமுறை தலைக்கு நான்கு புழு போதும் என்று இருந்தது. வேதசிரோமணி அதை இருமுறை படித்து, அவசரத்தில் எழுதிய பிழை என்று தீர்மானித்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் சோறு போடும் விடுதியை அவர் கேள்விப்பட்டதில்லை. காலை எட்டு, பகல் ஒன்று, மாலை ஏழு என்று மூன்று வேளை குறித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

மற்றவற்றில் அவரைக் குறை சொல்ல முடியாது. குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து, குளோரின் முறிக்கும் சொட்டு மருந்தை அளந்து விட்டபிறகே தொட்டியில் ஊற்றினார். தவளைகள் தாவிவிடாதபடி மூடியை மூடினார். உறைந்த ரத்தப்புழுக்களை ஞானஜோதியின் நல்ல தேநீர்க் கோப்பையில் இளகவைத்தார். தவளைகளுக்குப் பார்வை மந்தம் என்பதால், இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்து மூக்கின் முன் நீட்டினார். பெற்ற மகளுக்குக்கூட அவர் இப்படி ஊட்டியதில்லை என்று ஞானஜோதி அண்டை வீட்டில் சொன்னாள். ஷீபா பகல் சாப்பாட்டுக்கு வருவதில்லை. அதை ஒழுங்கீனம் என்று அவர் கருதினார். சாலமோனோ ஞானத்தில் எப்படியோ, பந்தியில் முந்தினான். ஷீபாவின் பங்கும் அவனுக்கே போயிற்று.

மூன்றாம் வாரம் சாலமோனின் வயிறு நெல்லிக்காய்போல் உப்பியது. அவனால் அடியில் இறங்க முடியவில்லை, மேலேயே மிதந்தான். நோயாளிக்குத் தெம்பு வேண்டுமே என்று வேதசிரோமணி நான்காவது வேளை ஒன்றைச் சேர்த்தார். வீக்கம் கூடியது. இனி மனித முயற்சியால் ஆவதில்லை என்று தெளிந்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஜெப விண்ணப்பத் தாளை நிரப்பினார். தாளில் பெயர், வேண்டுதல் என்று இரண்டே கட்டங்கள். 'சாலமோன்: வயிறு வீக்கம், நடமாட்டமில்லை' என்று எழுதினார். இனம் என்று ஒரு கட்டம் இல்லாததால் அதை அவர் எழுதவில்லை. போதகரும் 'சகோதரன் சாலமோனுக்காக' உருக்கமாக ஜெபித்தார்.

செவ்வாய்க்கிழமை, ஆலயத்தின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து மூவர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் ரொட்டியோடும் நோயாளியைப் பார்க்க வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் சாராள். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர். நோயாளி எந்த அறையில் என்று அவர் கேட்க, ஞானஜோதி தொட்டியைக் காட்டினாள். இருவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். சாராள் மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்துவிட்டு, வேதசிரோமணி பக்கம் திரும்பினார்.

"எத்தனை வேளை குடுக்கறீங்கண்ணா?"

"மூன்று. இப்போது நான்கு."

"உள்ள போனதே இன்னும் வெளிய வரல. மூணு நாளைக்கு ஒண்ணும் குடுக்காதீங்க. நாம வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கறதில்லையா, அப்படி."

"உபவாசம் இருக்குமளவுக்கு அது என்ன பாவம் செய்தது?"

"பாவம் அது பண்ணலைண்ணா."

அத்தோடு அவர்கள் ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டுக் கிளம்பினார்கள்.

உபவாசத்தின் முதல் நாள் பகல் ஒரு மணிக்குச் சாலமோன் மிதந்தபடியே கண்ணாடியோரம் வந்து நின்றான். அதைக் காணச் சகியாமல் வேதசிரோமணி உச்சிவெயிலில் குடை பிடித்து ஏரியைச் சுற்றினார். இரண்டாம் நாள் குடையை எடுக்கவில்லை, இடுக்கியை எடுத்தார். ஞானஜோதி குழம்புக் கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாள்.

"ஏங்க, ஹெப்சி வரும்போது இது உயிரோட இருக்கணுமா, வயிறு நெறைஞ்சு இருக்கணுமா?"

இரண்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு இடுக்கியைக் கழுவித் துடைத்து வைத்தார். அன்று அவரும் பகலில் சாப்பிடவில்லை. ஹார்லிக்ஸ் மட்டும் இரண்டு தம்ளர் குடித்தார்.

நான்காம் நாள் காலை சாலமோன் தொட்டியின் அடியில், கூழாங்கற்களின் நடுவே, தட்டையான வயிற்றோடு உட்கார்ந்திருந்தான். வேதசிரோமணி நான்கு புழுக்களை எண்ணி ஊட்டினார். நான்கையும் விழுங்கிவிட்டு அவன் முன்னங்கால்களால் தண்ணீரைத் துழாவி, ஐந்தாவதைத் தேடினான். கோப்பையில் இன்னும் புழுக்கள் இருந்தன.

அவர் மூடியை மூடினார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தொட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.