நன்மை இறங்காத தொண்டை

கடலூரில் எங்கள் மாதா கோயில் பங்கில், சாமியார் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பத்தை இன்னும் ‘நன்மை’ என்றுதான் சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அந்த நன்மை என் தொண்டையில் சிக்கிக்கொண்டது. காய்ந்த அப்பம், மேலண்ணத்தில் ஒட்டி, வழுக்கி, போகக்கூடாத வழியில் போனது. கண் பிதுங்க இருமினேன். இரண்டு துண்டாகத் தரையில் வந்து விழுந்தது. சாமியாரே குனிந்து பொறுக்கினார். கோயிலே என்னைப் பார்த்தது.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துத் தின்கிற வியாதி. கால் போனபோது ஊரே உச்சுக்கொட்டியது. சக்கர நாற்காலியைத் தள்ளப் போட்டி போட்டார்கள். தொண்டை போனதை மட்டும் யாரும் நம்பவில்லை. விழுங்கத் தெரியாத மனுஷி உண்டா என்ன?

கோயில் வாசலில் என் நாத்தனார், கணவரின் தங்கை, நாலு பேர் காதில் விழும்படி கேட்டாள். “சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணி எத்தினி மாசம் ஆவுது அண்ணி? மனசுல பாவத்த வச்சிக்கிட்டு வாங்குனா உள்ள எறங்குமா?”

“உனக்கு மட்டும் எப்பிடிம்மா வழுக்கிக்கிட்டு எறங்குது?” என்றேன். ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. அந்த மட்டும் லாபம்.

இரண்டு மாதத்தில் என் மகளுக்குப் புதுநன்மை. ஒன்பது வயது. பிள்ளை முதல் தடவை வாங்கும் அன்று பெற்றவர்களும் வாங்குவது எங்கள் வழக்கம். அன்றைக்கு நானும் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். பக்தி என்று நினைக்க வேண்டாம். வீம்பு.

சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் கணவர் லீவு போட்டு வாராவாரம் என்னைச் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்தான் விழுங்கவும் கற்றுக்கொடுத்தாள். மோவாயை நெஞ்சோடு சேர்த்துக் குனிய வேண்டும். துளிதான் வாயில் வைக்க வேண்டும். ஒரு விழுங்கு, பிறகு வெறும் வாயில் இன்னொரு விழுங்கு. வெறும் தண்ணீர்கூட ஆகாது, பவுடர் கலந்து கூழாக்கித்தான் குடிக்கலாம். “அவசரப்பட்டீங்கன்னா நுரையீரலுக்குப் போயிடும்க்கா, அப்பறம் உயிருக்கே ஆபத்து” என்று மிரட்டினாள். வீட்டில் பிஸ்கட்டைக் கிள்ளி அந்தக் கூழில் நனைத்துப் பழகினேன். இருமி இருமிப் புடவை நனைந்த நாளும் உண்டு. கடைசி வாரம் ஒரு தடவைகூட இருமவில்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். எனக்குப் பூசாரியும் கொடுத்தார். பொட்டளவு கிள்ளித் தருகிறேன் என்று சாமியார் ஒப்புக்கொண்டார். மறித்தது மகள்தான். வெள்ளைக் கவுனைப் போட்டு அளவு பார்த்தபோது, என் பக்கம் முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

“அம்மா, நீ வாங்காதம்மா. நீ இருமுனா எல்லாரும் பாப்பாங்க. என் ஃபங்ஷனே கெட்டுடும்னு அத்தை சொன்னாங்க.”

“பெத்தவளவிட அத்தை ஒசத்தியாப் போயிட்டாளா?” என்று முதுகில் ஒன்று வைத்தேன். என் கையில் ஏது வலு? அவள் அழவில்லை. “வாங்காதம்மா” என்று மறுபடியும் சொன்னாள். எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் நாத்தனார்மேல்கூட வந்ததில்லை.

புதுநன்மை அன்று பிள்ளைகள் வாங்கிக்கொண்டு முன்வரிசையில் முழங்காலிட்டார்கள். கணவர் என் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். சாமியார் கிள்ளி நாக்கில் வைத்தார். குனிந்தேன். ஒரு விழுங்கு. இன்னொரு விழுங்கு. இறங்கிவிட்டது. தொண்டையில் ஒரு கமறல்கூட இல்லை. கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு கர்வம் இருந்ததில்லை. பார்த்தாயாடி என்று நிமிர்ந்து மகளைத் தேடினேன்.

மற்றப் பிள்ளைகள் கைகூப்பியிருந்தார்கள். என் மகள் கண்ணை இறுக்கி மூடி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். தகப்பன் போய்த் தோளைத் தொடும்வரை அவள் கையை எடுக்கவில்லை.