மானிட்டரும் ஆண்டாள் படமும்

ராஜபாளையத்து வீட்டில் உட்கார்ந்தபடியே கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்குக் கணக்குப் பார்க்கிறேன். காலையில் குனிந்த தலை சாயங்காலம்தான் நிமிரும். கழுத்துவலி பழகிப்போன சமாசாரம். வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்ததும்தான் பயந்துபோய், ஸ்ரீவில்லிபுத்தூரில் பிசியோதெரபி பார்க்கும் ஒரு அம்மாவிடம் போனேன்.

"மானிட்டரோட மேல் விளிம்பு கண்ணுக்கு நேரா இருக்கணும். இப்படியே குனிஞ்சு பாத்தீங்கன்னா, பொறவு கம்ப்யூட்டர் வேலையவே மறந்துர வேண்டியதுதான்" என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இரண்டு மணைப்பலகையை அடுக்கி மானிட்டரை ஏற்றினேன். கழுத்து நிமிர்ந்தது. அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் காலை மானிட்டர் பழையபடி கீழே இருந்தது. மாமியாரின் வேலை.

"ஏட்டி, ஆண்டாள் மொகத்த மறச்சுக்கிட்டு ஒம் பொட்டி நிக்கலாமா?"

மேசைக்குப் பின்னால் சுவரில் ஆண்டாள் படம். அத்தை கல்யாணமாகி வந்த அன்று மாட்டியது. தினமும் குளித்துவிட்டு வாசல் பக்கமிருந்தே கும்பிடுவார். மானிட்டரை ஏற்றினால் ஆண்டாளின் கொண்டை மட்டும்தான் தெரிந்தது. படத்தை உயர்த்தலாமென்றால், மாட்டிய படத்தை அசைக்கக் கூடாதாம். மேசையை நகர்த்தினால் ஜன்னல் வெளிச்சம் திரையில் அடித்துக் கண் கூசும். நான் ஏற்ற, அவர் இறக்க, எனக்கு மண்டை காய்ந்துபோனது. கணவரிடம் சொன்னால், "அவிய கும்பிடுற செத்த நேரம் எறக்கி வச்சுட்டு ஏத்திக்கிட வேண்டியதுதான?" என்கிறார். தூக்குவது அவரா?

ஒருநாள் காபி டம்ளர் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"எனக்கு வேலை போயிரும் அத்தை. எம்புட்டுச் சொன்னாலும் ஒங்களுக்குப் புரிய மாட்டேங்குது!" என்று கத்திவிட்டேன். அவர் துணியை எடுத்துவந்து தரையைத் துடைத்தார்.

அடுத்த நாள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினால், முற்றத்தில் ரம்பச் சத்தம். ஆசாரி ஒருவர் தேக்கு நாற்காலியின் கால்களை அறுத்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு அவருடைய அப்பா சீதனமாகக் கொடுத்த நாற்காலி. அதில் அவர் யாரையும் உட்கார விட்டதில்லை.

"பொட்டி ஒசந்தாத்தான ஆண்டாள மறைக்கும்? நீ எறங்கி உக்காரு. ஒம் பிளாஸ்டிக் சேர அறுத்தா நிக்குமா, அதான் இத அறுக்கச் சொன்னேன்."

உட்கார்ந்து பார்த்தேன். கண் நேராகத்தான் இருந்தது. ஆனால் மேசை நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. விசைப்பலகையில் கை வைத்தால் தோள் காதைத் தொட்டது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தை அறுத்த கால் துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

மேசையையும் அதே அளவு இறக்கி, மானிட்டரை மட்டும் அந்த அளவுக்கு உயர்த்தி வைத்தால் கை எட்டும், கழுத்தும் நிமிரும், ஆண்டாளும் மறைய மாட்டாள்.

"ஆசாரியப் போகச் சொல்லாதீங்க அத்தை. மேசைக் காலையும் அறுக்கணும்" என்றேன். "அந்த நாலு துண்டையும் இங்க தாங்க. மானிட்டருக்கு அடியில வைக்கணும்."