சின்னப்பையனின் வழியனுப்பு பேனர்

சின்னப்பையனுக்கு நாற்பத்திரண்டு வயது. அத்திப்பட்டில் ஒரு கான்ட்ராக்டரிடம் பதினாறு வருஷமாக வெல்டர். அவன் ஒட்டிய குழாயில் யாரும் குறை சொன்னதில்லை. வாயைத் திறந்தால்தான் சொதப்புவான். பொய் சொல்ல வராது. அப்படிப்பட்டவனை இரண்டு பொய் சொல்லவைத்துத் துபாய்க்கு அனுப்பப் பார்த்தோம். ‘பார்த்தோம்’ என்று சொல்லக் காரணம், அவன் பேனரில் மூன்றாவது வரிசையில் என் முகமும் இருந்தது, கூலிங் கிளாஸோடு.

முதல் பொய் ராயபுரத்து ஏஜெண்டு சொல்லிக்கொடுத்தது. “ஏர்போர்ட்ல இன்னா கேட்டாலும் சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லு. வேலை விசாவா அங்க போயி மாத்திக்கலாம்.” முறையாக வேலை விசா எடுத்துத் தர அந்த மகானுக்குச் சோம்பல். இரண்டாவது பொய் சின்னப்பையனின் மனைவி நர்மதாவுடையது. துபாய் சரிப்படாவிட்டால் பழைய வேலையாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாள். சூப்பர்வைசர் ஆசீர்வாதத்திடம் மஞ்சள்காமாலை, இரண்டு மாசம் ஓய்வு என்று சொல்லச் சொன்னாள். அதையும் ஒப்பித்துவிட்டு வந்தான்.

இரண்டும் நல்ல பொய்கள். நடுவில் நாங்கள் புகுந்தோம்.

எங்கள் தெருவில் காது குத்தினாலும் பேனர், கண்ணை மூடினாலும் பேனர். கடல் தாண்டிப் போகிறவனுக்கு வைக்காவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அவனுடைய தோஸ்து தீனா, சௌக்கத் அலி பாயின் பேனர் கடையில் பத்தடிக்கு எட்டடி அடித்துத் தெருமுனையில் கட்டினான். ‘துபாய் கம்பெனியில் வெல்டராகப் பணியில் சேரச் செல்லும் எங்கள் தீப்பொறியே!’ கீழே எங்கள் பதினேழு பேரின் முகங்கள். அதோடு விட்டானா? அதே மாதிரி சின்னதாக இன்னொன்றும் அடித்துக் கையில் கொடுத்தான்.

“ரூம்ல மாட்டிக்க மாமு. நம்ம பசங்க ஞாபகம் வரும்ல?”

சின்னப்பையன் கண் கலங்கி வாங்கிக்கொண்டான். ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. ஓட்டல் புக்கிங், திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் கசங்கக்கூடாதே என்று நர்மதா அந்தச் சின்ன பேனருக்குள் வைத்துச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கைப்பையில் வைத்தாள்.

விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி தமிழர்.

“எதுக்குப் போறீங்க?”

“சுத்திப் பாக்க சார்.”

“அங்க என்ன பாக்கப் போறீங்க?”

ஏஜெண்டு சொல்லிக்கொடுத்த கட்டடத்தின் பெயர் மறந்துவிட்டது. “ஹார்பர் சார்” என்றான், ஹார்பர் பக்கத்துத் திருவொற்றியூரில் பிறந்தவன்.

“ஓட்டல் புக்கிங் காட்டுங்க.”

அவசரத்தில் இழுத்ததில் ரப்பர் பேண்ட் அறுந்தது. பேனர் மேசைமேல் விரிந்துகொண்டது. அதிகாரி நிதானமாகப் படித்தார். பதினேழு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இந்தக் கண்ணாடிக்காரர் யாரு?” என்று கேட்டாராம்.

“பக்கத்து வூடு சார்.”

அன்றைக்கு அவன் தடுமாறாமல் சொன்ன பதில் அது ஒன்றுதான். விமானம் அவனை விட்டுவிட்டுப் போனது.

முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு, தெருமுனையில் சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்துக்குக் கீழே நுழைந்து வீட்டுக்குப் போனான். நர்மதா தண்ணீர் கொடுத்தாள். மறுநாள் காலை டிபன் பாக்ஸோடு அத்திப்பட்டுக்குப் போனான். கேட்டிலேயே ஆசீர்வாதம் தன் போனை நீட்டினார். தீனா ஸ்டேட்டஸில் போட்ட பேனர் படம், யார் யாரோ அனுப்பி அவர் வரைக்கும் வந்திருந்தது.

“மஞ்சக்காமாலைக்குத் துபாய்ல வைத்தியமா நைனா? உன் எடத்துக்கு ஆள் போட்டாச்சி.”

பதினாறு வருஷ வேலை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. தீனாவுக்கு அதுவும் இல்லை. “வுடு மாமு, ‘தாயகம் திரும்பிய தீப்பொறி’ன்னு ஒண்ணு அடிச்சிடலாம்” என்று வந்தான். நர்மதா துடைப்பத்தை எடுத்ததால் அது அச்சுக்குப் போகவில்லை.

கடைசியில் வேலை கொடுத்தவர் சௌக்கத் அலி பாய்தான். பேனருக்கு இரும்புச் சட்டம் ஒட்டும் வேலை. பாய்லர் குழாய் ஒட்டிய கைக்கு இது விளையாட்டு, சம்பளமும் அப்படித்தான்.

போன வாரம் எர்ணாவூரிலிருந்து நாலு பேர் கடைக்கு வந்தார்கள். தோஸ்து குவைத்துக்குப் போகிறானாம். சின்னப்பையன் வெல்டிங்கை நிறுத்திவிட்டு முன்னால் வந்தான்.

“இன்னா விசா?”

“டூரிஸ்ட் விசாண்ணா. ஆனா வேலைக்குத்தான் போறான்.”

“அப்ப பேனரே வேணாம். வாயால வாழ்த்தி அனுப்புங்க. நான் பட்டுட்டு சொல்றேன்.”

பேனர் கடையில் நின்றுகொண்டு பேனர் வேண்டாம் என்கிறானே என்று நாலு பேரும் பாயைப் பார்த்தார்கள். பாய் தரையைப் பார்த்தார். அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூர் பக்கம் போயிருந்தேன். பேனர் கட்டியிருந்தார்கள். ‘குவைத்தில் பணியில் சேரச் செல்லும்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே முகங்களை எண்ணினேன். பதினெட்டு, எங்களைவிட ஒன்று அதிகம்.