ஒரு படி தவிடும் கிணத்துக் கதையும்

1974 நவம்பர் 16, சனிக்கிழமை, மாலை ஐந்தே கால் மணி, காலையிலிருந்து விடாத தூறல். நனைந்த ஓலைக் கூரையின் வாடையும், பக்கத்து வீட்டு முனியம்மா மடியில் கட்டி வந்திருந்த வறுத்த வேர்க்கடலையின் வாடையும் கலந்து கிடந்த எங்கள் உத்திரமேரூர் வீட்டில், பதினோரு வயதான நான் ஒரு தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தைப் படித்துக்காட்ட உட்கார்ந்தேன்.

அது வந்த வாரப் பத்திரிகையை நாங்கள் வாங்கியதில்லை. மளிகைக்கடைக்காரர் வீட்டில் எல்லோரும் படித்து முடித்து, மூலை மடங்கி, எண்ணெய்க் கறையோடு மூன்றாம் நாள் எங்களிடம் வரும். அதில் இரண்டு தொடர்கள். ஒன்று எனக்குப் பிடித்த “ராஜா கதை”: இளவரசிக்காக மாறுவேடத்தில் பகைவர் கோட்டைக்குள் நுழையும் படைத்தலைவன், குதிரைகள், சுரங்க வழி. மற்றது அம்மாவின் “கிணத்துக் கதை”: தன் வீட்டுக் கிணற்றுக்குள் இறங்கும் ஒரு பெண், ஏறி வரும்போது தன் பாட்டி இளம்பெண்ணாக இருந்த காலத்துக்கு வந்துவிடுவாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் கதைதான் முதலில். அது முடிந்ததும் அடுப்படிக்குப் போய்விடுவாள், ராஜா கதையை நான் தனியாகப் படித்துக்கொள்வேன்.

இரண்டு அக்காக்களுக்குப் பின் பிறந்த என் அண்ணன் மூன்று வயதில் ஏரி மதகருகே மூழ்கிப் போனான். “அவன் இருந்திருந்தா, புள்ள போதும்னு ஆபரேசன் பண்ணிக்கினு இருப்பேன், நீ ஏது?” என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். பிள்ளையை இழந்த வீட்டில் பிறந்தவன் என்பதால், எமன் கண்ணில் படாதிருக்க, பிறந்த அன்றே என்னைக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். முனியம்மா எடுத்துக்கொண்டாள். அவளிடம் ஒரு படி தவிடு கொடுத்து அம்மா என்னை விலைக்கு வாங்கினாள்.

“நான் வித்த புள்ள இன்னா ஜோரா படிக்குது பாருடி! தவுடு கம்மியா வாங்கிட்டேன்” என்று முனியம்மா அன்றும் கேலி செய்தாள்.

படித்தேன். பாட்டியின் மூத்த மகன் குளத்தில் விழப்போகிறான். பிடித்து இழுத்தால் பிழைப்பான். ஆனால் அவன் செத்த பிறகு பெற்றுக்கொண்ட பிள்ளைதான் கதாநாயகியின் அப்பா. அவர் பிறக்கமாட்டார், இவளும் இருக்கமாட்டாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவள் கிணற்றுக்குத் திரும்பிவிட்டாள். முற்றும்.

அம்மா விருட்டென்று எழுந்தாள். “இன்னா பொம்பள அவ? கைக்கு எட்ற தூரத்துல கொழந்த கீது, புடிச்சி இழுக்க வேணாமா? நானா இருந்தா இழுத்திருப்பேன்.”

கடலை உரித்துக்கொண்டிருந்த முனியம்மாவின் கை நின்றது. “அப்ப இவன்?”

அம்மா என்னைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

“அந்த ராஜா கதையப் படிடா.”

அத்தனை வாரங்களில் அவள் அதைக் கேட்டது அன்று ஒருநாள்தான். படித்தேன். படைத்தலைவன் கோட்டையைப் பிடித்தான், இளவரசியைக் குதிரையில் ஏற்றினான்.

அந்தப் பத்திரிகை நின்றுபோய் எத்தனையோ காலமாயிற்று. கூரை வீடு இருந்த இடத்தில் நான் கட்டிய மாடிவீடு இரண்டு இடங்களில் ஒழுகுகிறது. தூறல் விழுந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். முனியம்மா இல்லை. அம்மா போய்ப் பதினெட்டு வருடம். முனியம்மாவின் கேள்விக்கு அவள் கடைசிவரை பதில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்காகப் பொய் சொல்லிவிடுவாளோ என்ற பயம். எதையும் எண்ணிப் பார்த்துவிடுகிற எனக்கு இந்த ஒரு கணக்கு தீரவில்லை. நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்: அவள் எனக்காகக் கொடுத்தது ஒரு படி தவிடு. அதை அவள் முனியம்மாவிடம் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை.