நூற்றிருபது முடிச்சு

மூன்று ரூபாய் பன்னிரண்டு அணா. பூந்தோட்டத்துச் சொந்தக்காரர் பொம்மையன் மகள் சண்முகவள்ளி, அதே தோட்டத்தில் கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சிய வேலுசாமியின் மகள் பழனியம்மாளுக்குத் தரவேண்டிய கடன் அது. கைமாற்றாக வாங்கிய காசு இல்லை. நேரமாக வாங்கியது.

வருஷம் ஐம்பத்தைந்து. சின்னாளப்பட்டிக்கும் நிலக்கோட்டைக்கும் நடுவில் ஒரு கிராமம். அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு சொந்தத் திட்டம் எடுத்துத் தினமும் நோட்டில் எழுதி, பங்குனியில் காட்ட வேண்டும் என்று வாத்தியார் உத்தரவு போட்டிருந்தார். ஒருவன் கோழி வளர்த்தான். ஒருத்தி ராட்டை சுற்றினாள். சண்முகவள்ளி எடுத்தது வாசிப்பு. தினம் ஒரு மணி நேரம், பாடத்தில் இல்லாத புத்தகமாகப் படிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை எந்த வேலையிலிருந்து எப்படி மிச்சம் பிடித்தாள் என்பதையும் எழுத வேண்டும்.

அவளுக்குக் காலையில் இருந்த வேலை ஒன்றே ஒன்று. அப்பன் தோட்டத்தில் நாலு பாத்தி பூ எடுக்க வேண்டும். அதைப் பழனியம்மாள் தலையில் கட்டினாள். ஒரு காலைக்கு அரையணா, கடைசியில் மொத்தமாகத் தருவதாகப் பேச்சு.

பழனியம்மாள் ஐந்தாம் வகுப்பு தேறி ஒரு வருஷமாக வீட்டில் இருந்தாள். புத்தகக் காசை நீயே கொண்டுவா, ஆறில் சேர்த்துவிடுகிறேன் என்று வேலுசாமி சொல்லியிருந்தார். சொன்ன சொல்லை மாற்றாத மனிதர். ஆறாம் வகுப்புப் புத்தகம், நோட்டு, சிலேட்டு எல்லாம் மூன்றரை ரூபாய்க்குள் அடங்கும் என்று அவள் விசாரித்தும் வைத்திருந்தாள்.

கார்த்திகைப் பனியில் செடிக்குள் குனிந்தால் பாவாடை முழங்கால்வரை நனையும். விரல் விறைத்துப் போகும். சண்முகவள்ளி கிணற்று மேட்டில் காலை நீட்டி உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பாள். பழனியம்மாளின் காது அங்கேதான் கிடக்கும். கதை நல்ல இடத்துக்கு வந்தால் கை தானாக நின்றுவிடும்.

"கேக்குறதுக்குத் தனியாக் காசு பிடிக்கட்டுமா? கையை ஓட்டுடி" என்றாள் சண்முகவள்ளி ஒருநாள். மறுநாளிலிருந்து வாய்க்குள்ளேயே படித்தாள்.

பழனியம்மாள் பூக்கட்டும் நூலில் ஒரு காலைக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தாள். பங்குனியில் நூற்றிருபது ஆயிற்று.

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட மேலதிகாரி வந்த அன்று, அவருக்குப் போட மாலை கொண்டுபோனவளும் பழனியம்மாள்தான். ஜன்னலுக்கு வெளியே நின்றாள். உள்ளே சண்முகவள்ளி தன் நோட்டை வாசித்தாள். 'என் வேலையைச் சுறுசுறுப்பாக முடித்து ஒரு மணி நேரம் மீட்டேன்' என்று வாசித்தாள். இப்போது நம் பேர் வரும், அடுத்த பக்கத்தில் வரும் என்று பழனியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கைதட்டல்தான் வந்தது. சண்முகவள்ளிக்கு மைப்பேனா பரிசு.

பேர் போனால் போகட்டும், காசு வந்தால் சரி. பள்ளிக்கூடம் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், பூ எடுக்கிற பெண்கள் எல்லாம் கூடியிருந்த சண்முகவள்ளி வீட்டு வாசலில் போய்க் கேட்டாள்.

"வள்ளியக்கா, திங்கக்கெழம தொறக்குறாக. அந்தக் காசு..."

"எந்தக் காசு?"

பழனியம்மாள் நூலை நீட்டினாள். சண்முகவள்ளி அதைத் தொடவில்லை. வீட்டுக்குள் போய் நோட்டை எடுத்து வந்தாள்.

"நூத்திருவது நாளும் இதுல எழுதிருக்கு. எதுலயாவது உன் பேரு இருக்கான்னு படி. அஞ்சாப்பு தேறுனவதான, வாய்விட்டுப் படி."

படித்தாள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். முப்பதாம் பக்கத்தில் பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நிறுத்தப் பார்த்தாள், சண்முகவள்ளி விடவில்லை. தான் நனைந்த ஒவ்வொரு காலையையும் இன்னொருத்தி சுறுசுறுப்பாக முடித்திருந்ததைக் கடைசிப் பக்கம்வரை படித்து முடித்தாள்.

"இல்லக்கா" என்றாள்.

"எழுத்துல இல்லாதது கடனாகுமா? போ."

வேலுசாமி தன் சொல்லை மாற்றவில்லை. காசு வரவில்லை, ஆகவே பள்ளிக்கூடமும் இல்லை. திங்கட்கிழமை காலை மகள் தலையில் பூக்கூடையை ஏற்றி நிலக்கோட்டைக்கு அனுப்பினார். சாலையில் எதிரே புதுப்பாவாடை கட்டிய பிள்ளைகள் புத்தகப் பையோடு வந்தார்கள். கூடை தலையில் இருந்ததால் அவளால் முகத்தைத் திருப்பக்கூட முடியவில்லை.

அங்கேயிருந்து அவள் எழுந்தது லேசுப்பட்ட எழுச்சி இல்லை. பட்டம் வாங்கியவர்கள் வேண்டுமானால் சிரிக்கட்டும். கூடை சுமந்தவள் அடுத்தவர் பூக்கூடையை விலைக்கு வாங்கினாள். கூடை வாங்கியவள், கூடைகளைப் பஸ்ஸில் ஏற்றிவிடும் சின்னக்கண்ணுவைக் கட்டிக்கொண்டு நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் ஒரு கடையையே பிடித்தாள். படித்தவன் பேனா மூடியைக் கழற்றுவதற்குள் இவள் விரலை மடக்கி எடையும் விலையும் கமிஷனும் சொல்லிவிடுவாள். பதினொரு வருஷத்தில் அவளை ஒரு பைசா ஏய்த்தவன் அந்த மார்க்கெட்டில் இல்லை. ஈரத்துக்கு எடை பிடிப்பாள், காம்புக்குப் பிடிப்பாள், பேசிப் பார்த்தால் அதற்கும் சேர்த்துப் பிடிப்பாள். கூடைக்கு அடியில் விரிக்கப் பழைய புத்தகங்களை எடைக்கு வாங்குவாள். கிழிப்பதற்கு முன் ஒரு வரி பார்க்கமாட்டாள். பூ கட்ட வந்த ஒருத்தி கிழிந்த தாளைப் படித்துக்கொண்டு நின்றதற்காக அன்றைய கூலி முழுவதையும் வெட்டினாள். கல்லாவுக்கு மேலே ஆணியில் அந்த முடிச்சு நூல் மட்டும் தொங்கியது. என்ன நூல் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

அறுபத்தேழாம் வருஷம் தை மாதம். பனியில் மல்லிகை அருகிப்போய் மார்க்கெட்டே வெறிச்சென்று கிடந்தது. மறுநாள் பெரிய முகூர்த்தம். பழனியம்மாள் கடையில் மட்டும் எட்டுக் கிலோ இருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள் சண்முகவள்ளி. இப்போது திண்டுக்கல்லில் டீச்சர். தங்கச்சி கல்யாணம், விடிந்தால் ஏழரைக்குத் தாலி. சொல்லி வைத்திருந்த வியாபாரி கையை விரித்துவிட்டான். திண்டுக்கல்லுக்குக் கடைசி வேன் ஆறு மணிக்கு.

"நல்லாருக்கியா பழனி? மூணு கிலோ போடு, நீ சொல்ற வெலை தாரேன்."

"வெலை கெடக்கட்டும் டீச்சர். பழைய பாக்கி ஒண்ணு நிக்குது" என்று பழனியம்மாள் ஆணியிலிருந்து நூலை எடுத்தாள்.

சண்முகவள்ளிக்கு உடனே தெரிந்துவிட்டது. இருந்தாலும் சிரித்தாள். ஐந்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டி, மிச்சத்தை வைத்துக்கொள்ளச் சொன்னாள். பழனியம்மாள் வாங்கவில்லை. கணக்குச் சொல்லச் சொன்னாள்.

"அரையணான்னா இப்ப மூணு காசு. நூத்திருவதுக்கு மூணு ரூவா அறுவது காசு. போதுமா?"

பழனியம்மாள் நோட்டை வாங்கிக் கல்லாவில் போட்டாள். மூன்று காசு நாணயங்கள் நூற்றிருபதைச் சாக்கின்மேல் கொட்டினாள். மீதிச் சில்லறையை அதன் பக்கத்திலேயே வைத்தாள். பிறகு வலது கையை விரித்து நீட்டினாள்.

"ஒரு காலைக்கு ஒரு காசு. வாய்விட்டு எண்ணிப் போடுங்க. முடிஞ்சதும் பூ."

"வேன் போயிருமே பழனி."

"போகும்."

சுற்றியிருந்த கடைக்காரர்கள் தராசை விட்டுவிட்டு வந்தார்கள். சண்முகவள்ளி எண்ணினாள். ஒவ்வொரு காசுக்கும் பழனியம்மாள் இடது கை விரல் ஒரு முடிச்சு நகர்ந்தது. உள்ளங்கை நிறைந்தால் மடியில் கொட்டிக்கொண்டு மறுபடியும் நீட்டினாள். நாற்பதில் டீச்சர் அவசரத்தில் இரண்டு காசைச் சேர்த்துப் போட்டாள். பழனியம்மாள் ஒன்றைத் திருப்பி வைத்தாள். எழுபத்தொன்றில் வேன் ஹாரன் அடித்தது. சண்முகவள்ளி தலையைத் திருப்பினாள்.

"இங்கிட்டுப் பாருங்க, எண்ணிக்கை தப்பிரும்."

எழுபத்தாறில் வேன் கிளம்பியது. யாரோ சிரித்தார்கள். பூவாவது கைக்கு வந்தால் மாட்டு வண்டி பிடித்துவிடலாம் என்று சண்முகவள்ளி விடாமல் எண்ணினாள். தொண்ணூறுக்கு மேல் குரல் கம்மிப்போனது. நூற்றிருபதைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

பழனியம்மாள் கை மூடவில்லை.

"ஓரணா ஆறு காசுங்கிறது ஒங்க கணக்கு. பதினாறணா நூறு காசுங்கிறது சர்க்கார் கணக்கு. மூணு ரூவா பன்னெண்டணான்னா மூணே முக்கா ரூவா. இன்னும் பதினஞ்சு காசு நிக்குது டீச்சர்."

சண்முகவள்ளி மீதிச் சில்லறையைத் துழாவினாள். மூன்று சதுர ஐந்து காசு நாணயங்களை எடுத்தாள். ஐந்து. பத்து. பதினைந்து.