கடைசி அலசல் தண்ணீர்

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. எதையாவது தேய்த்துக் கழுவ ஆரம்பித்துவிடுவேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு இரண்டே மாதத்தில் மூன்றாவது முறையாக வாந்தியும் பேதியும் வந்தபோது, "பச்சையா சாப்பிடுற பழம், காயெல்லாம் நல்லா கழுவிக் குடுங்கம்மா" என்றார் டாக்டர். யாரிடம் சொல்கிறார்! மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில், மெஷின் பார்ட்ஸ் கழுவும் பிரிவில் ஒன்பது வருடமாக நிற்கிறவள் நான். மானம் போனது மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்தேன். உழவர் சந்தையில் வாங்கிய காய்களைச் சமையலறைத் தரையில் கொட்டி, மூன்று பேசின்களை வரிசையாக வைத்தேன். முதலாவதில் கல்லுப்பும் மஞ்சள்தூளும். இரண்டாவதில் ஆப்ப சோடா. மூன்றாவதில் அலசுவதற்கு வெறும் தண்ணீர். தளி ஊர்ப் பக்கம் விளைந்த காலிஃபிளவரை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கவிழ்த்தால் புழு தானாக மிதந்து வரும். திராட்சையை மட்டும் காம்போடு ஒவ்வொன்றாகக் கத்தரித்துப் போட்டேன். மகளுக்கு அதுதான் உயிர்.

என் வீட்டுக்காரர் வாசல்படியில் நின்று சிரித்தார். "ஷிஃப்டு ரிப்போர்ட் எழுதலையா மேடம்?"

"எழுதுவேன். முதல்ல அந்தத் தக்காளிய இங்க தள்ளுங்க."

மூன்று வாரம் ஒரு நாளும் விடவில்லை. நாலாவது வாரம் திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூட யூனிஃபார்மோடு மகள் பாத்ரூம் வாசலில் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாள் தின்றது திராட்சை. உடம்பு தேறியபிறகு தட்டில் நாலு பழம் வைத்தேன். தள்ளிவிட்டாள்.

"வேணாம்மா. நீ கழுவினாலும் வலிக்குது."

அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன். பிள்ளை ஆசையாகத் தின்கிற ஒரே பழம்! அதையும் பயந்துகொண்டே விட்டுவிடுவாளா? விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

மறுநாள் வேலையில் இருந்தேன். கடைசி அலசல் தொட்டியிலிருந்து கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பது என் பொறுப்பு. அது கலங்கியிருந்தால், அதற்கு முன்னால் எத்தனை தடவை கழுவியிருந்தாலும் அந்தப் பெட்டி முழுக்க ரிஜெக்ட். டம்ளரைத் தூக்கிப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டில் குடிக்க மட்டும்தான் கேன் தண்ணீர். அலசுவது குழாய்த் தண்ணீரில். அது வருவது மொட்டைமாடி டேங்கிலிருந்து. அந்த டேங்கை ஒருநாளும் நான் எட்டிப் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம்!

மூன்று மணிக்கு ஷிஃப்டு முடிந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் மாடிக்கு ஏறினேன். டேங்க் மூடி பாதி உடைந்து, மேலே ஒரு செங்கல். உள்ளே பாசி, புறா இறகு, அடியில் சேறு. கீழ்வீட்டில் இருக்கும் ஓனரக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அய்யோ ராமா! பண்டிகைக்குப் பண்டிகை கழுவுறதுதானம்மா. இப்ப என்ன அவசரம்?"

"என் பொண்ணு வயிறு பண்டிகை வரைக்கும் தாங்காதுக்கா. இன்னைக்கே கழுவணும். ஆள் கிடைக்கலன்னா நானே இறங்குறேன்."

இறங்கினேன். தென்னைநார் பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடருமாகத் தேய்க்கத் தேய்க்க, வீட்டுக்காரர் வாளி வாளியாகச் சேற்றை வாங்கிக் கொட்டினார். அன்று அவர் வாயில் மேடம் வரவில்லை. ஓனரக்கா கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புது மூடி வாங்கிவரச் சொல்லித் தன் கணவருக்குப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மூன்று பேசின். மூன்றாவதில் இப்போது கேன் தண்ணீர். மகள் எட்டவே நின்றாள். நான் கெஞ்சவில்லை. திராட்சை அலசிய தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"இதோ ஒரு தூசி. இன்னொரு வாட்டி அலசும்மா."

வேறு தண்ணீர் ஊற்றி அலசினேன். மறுபடி பார்த்தாள். தலையாட்டிவிட்டு ஒரு பழத்தை வாயில் போட்டாள். அப்புறம் இன்னொன்று.

மறுநாள் காலை முழுக்க அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கூல் வேன் வந்துவிட்டது. ஏறப்போனவள் நின்று, டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"அம்மா! திராட்சை வைக்கவே இல்ல?"